புளிப்புத் தொழிலும் குடியானவர் வீட்டுப் படிப்பும்

விளைபொருளை வண்டியேற்றி ஆலைக்கோ மண்டிக்கோ அனுப்பிக் கிரயம் கைக்கு வந்துவிட்டால், அத்துடன் அப்பொருளுக்கும் தமக்கும் உள்ள சம்பந்தம் தீர்ந்ததென்று குடியானவர் பலர் கருதுகின்றனர். கரும்பு சர்க்கரையாவதும் மரவள்ளிக்கிழங்கு மாவாவதும் பிறர் வேலை. அதன்பின் மிஞ்சும் பாகும் திப்பியும் இன்னும் வேறு சிலருடைய வேலை என்பது அவர்கள் எண்ணம். ஆனால் ஒரு விளைபொருளின் விலையை நிலமும் மழையும் நிர்ணயிப்பது போலவே, அப்பொருளிலிருந்து கடைசியில் எதையெல்லாம் எடுக்கலாம் என்ற அறிவும் நிர்ணயிக்கிறது. அந்த அறிவு யாரிடம் இருக்கிறதோ அவரிடமே லாபத்தின் பெரும்பங்கு போய்ச் சேருகிறது. கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்களைக் கொண்டு பொருள்களைப் புளிக்கவைத்து வேறு பொருள்களாக மாற்றும் சாஸ்திரம் அவ்வறிவில் முக்கியமான ஒரு பகுதி. இதைப் பிரயோக நுண்ணுயிரியல் என்று சொல்லுவர். நிலமுள்ள குடும்பத்தார் தம் பிள்ளைகளில் ஒருவரையேனும் இப்படிப்புக்கு அனுப்புவதும், இப்படிப்பைக் கற்பிக்கும் முறை சில அம்சங்களில் மாறுவதும் அவசியம் என்பதற்குரிய காரணங்கள் கீழே கூறப்படுகின்றன.

வழக்கமும் காரணமும்

புளிக்கவைத்தல் என்பது தமிழ்நாட்டு வீடுகளுக்குப் புதிதன்று. அரைத்த உளுந்தையும் அரிசியையும் இரவு முழுவதும் வைத்திருந்தால் காலையில் மாவு பொங்கி நிற்கிறது. லியூக்கோநாஸ்டாக் என்னும் நுண்ணுயிர் அம்மாவில் பெருகிக் கரியமில வாயுவை வெளிவிடுவதே அதற்குக் காரணம். பாலில் ஒரு கரண்டி உறைமோர் விட்டால் தயிராவதும் இவ்வினத்து வேலையே. பசுந்தீவனத்தைக் குழியிலிட்டு மிதித்துக் காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப் புல் செய்யும்போதும், லாக்டிக் அமிலம் உண்டாக்கும் நுண்ணுயிர்களே அது அழுகாமல் காக்கின்றன. வீட்டிலுள்ள பெண்மக்கள் கோடையில் மாவு சீக்கிரம் புளிப்பதையும், பனிக்காலத்தில் தாமதமாவதையும் அறிந்து நடந்துகொள்கின்றனர். இது தலைமுறை தலைமுறையாக வந்த அனுபவ ஞானம்.

அனுபவ ஞானம் ஒரு பானை மாவுக்குப் போதும். லட்சம் லிட்டர் கொள்ளும் தொட்டிக்குப் போதாது. பானை மாவு கெட்டால் ஒரு வேளை ஆகாரம் நஷ்டம். தொட்டி கெட்டால் நூற்றுக்கணக்கான ஏக்கர் விளைச்சலின் பயன் சாக்கடைக்குப் போகும். ஆகையால், எது நிகழ்கிறது என்பதுடன் ஏன் நிகழ்கிறது என்பதையும் அறிந்தவர் வேண்டும்.

இந்தச் சாஸ்திரம் பிறந்ததே ஒரு விவசாயத் தொழிலின் கஷ்டத்திலிருந்துதான். பிரான்ஸ் தேசத்தில் லில் நகரத்தைச் சுற்றிலும் பீட்கிழங்குச் சர்க்கரையிலிருந்து எரிசாராயம் எடுக்கும் ஆலைகள் இருந்தன. 1856-ல் அவ்வூர் ஆலைக்காரர் ஒருவர் தமது தொட்டிகள் புளித்துக் கெட்டுப்போவதாக அங்கே ரசாயனப் பேராசிரியராயிருந்த லூயி பாஸ்டரிடம் முறையிட்டார். பாஸ்டர் பூதக்கண்ணாடியின் உதவியால் பரீட்சை செய்து, நல்ல தொட்டியில் ஈஸ்ட் என்னும் உயிர் இருப்பதையும், கெட்ட தொட்டியில் வேறொரு சிறிய உயிர் புகுந்து பாலமிலம் உண்டாக்குவதையும் கண்டார். 1857-ல் பாலமிலப் புளிப்பைப் பற்றி அவர் வெளியிட்ட ஆராய்ச்சி இத்துறைக்கு அஸ்திவாரமாயிற்று. பின்பு டென்மார்க்கில் கார்ல்ஸ்பர்க் ஆராய்ச்சிசாலையிலிருந்த எமில் கிறிஸ்டியன் ஹான்சன் என்பவர், கலப்பில்லாத ஒரே ஈஸ்ட் உயிரிலிருந்து வம்சம் வளர்க்கும் முறையைக் கண்டு, 1883-ல் அதை ஆலையில் பயன்படுத்தினார். விதைநெல்லில் களைவிதை கலந்தால் வயல் பாழாவது போலவே, ஈஸ்டில் அந்நிய உயிர் கலந்தால் தொட்டி பாழாகிறது. சுத்த விதையின் மதிப்பை அறிந்த குடியானவருக்கு இந்த உண்மையை விளக்க அதிக வார்த்தை தேவையில்லை.

அறியாதவர் அடைந்த நஷ்டம்

இந்த அறிவு இல்லாத விவசாயிகளுக்கு நேர்ந்ததைச் சொல்ல இத்தாலி தேசத்து எலுமிச்சைத் தோட்டக்காரரின் கதை ஒன்று போதும். மருந்துக்கும் பானங்களுக்கும் வேண்டிய சிட்ரிக் அமிலம் ஒரு காலத்தில் எலுமிச்சைச் சாற்றிலிருந்தே கிடைத்தது. உலகத்துக்கு வேண்டிய மூலப்பொருளில் பெரும்பங்கை இத்தாலியே அனுப்பிவந்தது. அமெரிக்காவில் ஜேம்ஸ் கர்ரி என்னும் ஆராய்ச்சியாளர், கறுப்புப் பூஞ்சணம் ஒன்று சர்க்கரைக் கரைசலைச் சிட்ரிக் அமிலமாக மாற்றுவதை ஆராய்ந்து 1917-ல் அதை வெளியிட்டார். 1919-ல் பைஸர் கம்பெனி அம்முறைப்படி அமிலம் தயாரிக்கத் தொடங்கிற்று. சில வருஷங்களுக்குள் எலுமிச்சை அமில வியாபாரம் நசித்துப்போயிற்று. தோட்டக்காரரின் மண்ணிலும் மரத்திலும் உழைப்பிலும் எவ்விதக் குறையும் இல்லை. கடல்கடந்த ஊரில் ஒரு பரீட்சைசாலையில் நிகழ்ந்த மாறுதல் அவர்கள் சந்தையை எடுத்துக்கொண்டு போயிற்று. 1897-ல் ஜெர்மனியில் செயற்கை நீலம் சந்தைக்கு வந்தபின் சென்னை ராஜதானியில் அவுரிச் சாகுபடி க்ஷீணித்ததும் இவ்வகையைச் சேர்ந்ததே.

அறிந்தவர் அடைந்த லாபம்

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. அமெரிக்க விவசாயிகள் விளைவித்த தானியம் தேவைக்கு மிஞ்சி விலை வீழ்ந்த காலத்தில், மிச்சப் பொருள்களுக்குப் புதிய உபயோகம் காணவேண்டுமென்று 1938-ல் ஒரு சட்டத்தின் மூலம் நான்கு பிராந்திய ஆராய்ச்சிசாலைகள் ஏற்படுத்தப்பட்டன. அவற்றில் ஒன்று மக்காச்சோளம் மிகுதியாக விளையும் இல்லினாய் மாகாணத்துப் பியோரியா நகரத்தில் அமைந்தது. அதை நடத்தியது அத்தேசத்து விவசாய இலாகாவே. அங்கே புளிப்பு ஆராய்ச்சிக்கென்று தனிப்பிரிவு இருந்தது.

1941-ல் ஆக்ஸ்போர்டிலிருந்து ஹவர்ட் புளோரியும் நார்மன் ஹீட்லியும் பெனிசிலின் பூஞ்சணத்தை எடுத்துக்கொண்டு அமெரிக்கா சென்றனர். அதுவரை அம்மருந்து மிகச் சொற்ப அளவிலேயே கிடைத்துவந்தது. பியோரியாவில் ஆண்ட்ரூ மாயர் என்பவர், மக்காச்சோள மாவு ஆலைகளில் தானியத்தை ஊறவைத்தபின் மிஞ்சும் நீரைப் பூஞ்சணத்துக்கு ஆகாரமாகக் கொடுத்துப் பார்த்தார். மருந்தின் அளவு பன்மடங்கு பெருகிற்று. 1943-ல் அவ்வூர்ச் சந்தையிலிருந்து வந்த பூசணம் பிடித்த முலாம்பழம் ஒன்றிலிருந்து இன்னும் சிறந்த பூஞ்சண வகை பிரித்தெடுக்கப்பட்டது. பிற்காலத்து ஆலைகளின் பெனிசிலின் வகைகள் பெரும்பாலும் அதன் சந்ததியே.

இதில் விவசாய உத்தியோகஸ்தர்களும் குடியானவர்களும் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. பிறர் கழிவென்று கருதிய ஊறல்நீருக்கு மதிப்பு உண்டாக்கியது ஒரு விவசாய இலாகாவின் ஆராய்ச்சிசாலை. விளைபொருளின் குணமும் நுண்ணுயிரின் குணமும் ஒரே கூரையின்கீழ் அறியப்பட்டமையால் அது சாத்தியமாயிற்று.

தமிழ்நாட்டின் நிலைமை

தமிழ்நாட்டில் புளிப்புத் தொழிலுக்குரிய மூலப்பொருளுக்குக் குறைவில்லை. ஒரு டன் கரும்பை ஆலையில் ஆட்டினால் சர்க்கரை நீங்கலாகச் சுமார் 40 முதல் 50 கிலோ வரை மொலாசஸ் என்னும் கழிவுப்பாகு மிஞ்சுகிறது. அதில் ஏறக்குறையப் பாதி இன்னும் சர்க்கரையே. ஒரு டன் கழிவுப்பாகிலிருந்து 220 லிட்டருக்கு மேல் எரிசாராயம் எடுக்கலாம். சேலம், நாமக்கல், தருமபுரி ஜில்லாக்களில் விளையும் மரவள்ளிக்கிழங்கில் நான்கில் ஒரு பங்குக்குக் குறையாமல் மாவுச்சத்து இருக்கிறது. அம்மாவுச்சத்தை நுண்ணுயிர்களிலிருந்து கிடைக்கும் என்ஸைம்களால் சர்க்கரையாக்கிப் பின்பு எந்தப் புளிப்புப் பொருளாகவும் மாற்றலாம். ஜவ்வரிசி ஆலையில் ஒதுக்கப்படும் திப்பியிலும் மாவுச்சத்து தங்கியிருக்கிறது. பெட்ரோலுடன் எரிசாராயத்தைக் கலப்பது இந்தியாவில் 2025-ல் நூற்றுக்கு இருபது என்ற அளவை எட்டியது. 2018-ல் வகுக்கப்பட்ட தேசிய உயிர்எரிபொருள் கொள்கை, கரும்புச்சாறு, மரவள்ளி, மனிதர் உண்ணத் தகாத சேதமடைந்த தானியம் ஆகியவற்றையும் இதற்குப் பயன்படுத்த இடமளித்தது.

பொருள் இருக்கிறது, தேவையும் இருக்கிறது. இடையில் வேண்டிய ஆளே அரிது. 100 கிலோ குளுகோஸ் முழுவதும் குறைவின்றிப் புளித்தால் 51 கிலோ எரிசாராயமும் 49 கிலோ கரியமில வாயுவும் வரவேண்டும் என்பது கணக்கு. நடைமுறையில் எந்த ஆலையும் முழுக்கணக்கை எட்டுவதில்லை. குளுகோஸ் கணக்கில் 100 டன் சர்க்கரையைப் புளிக்கவைக்கும் ஓர் ஆலை, கணக்கில் நூற்றுக்கு 90 பங்கை எட்டுவதற்குப் பதிலாக 85 பங்கையே எட்டுமானால், சுமார் 3,200 லிட்டர் எரிசாராயம் குறைந்துவிடும். இக்குறைவு எங்கிருந்து வருகிறது? குழாயின் மூலையில் தங்கிய அழுக்கில் அமில நுண்ணுயிர் வளர்ந்திருக்கலாம். கோடையில் தொட்டியின் வெப்பம் 35 டிகிரிக்கு மேல் ஏறி ஈஸ்ட் தளர்ந்திருக்கலாம். புளிப்பு நடக்கும்போது தானே வெப்பம் உண்டாவதால், தமிழ்நாட்டுச் சீதோஷ்ணத்தில் குளிர்விக்கும் ஏற்பாடு மிக முக்கியம். இக்குறைகளை அன்றன்றே கண்டு தீர்ப்பவர் ஒருவர் ஆலையில் இருந்தால் நஷ்டம் மிச்சமாகும். ஆலை நஷ்டத்தில் ஓடினால் கரும்புக் கிரயம் நிலுவையில் நிற்கும் என்பதைக் கரும்பு பயிரிடுவோருக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

படிப்பில் உள்ள குறை

நுண்ணுயிரியல் கற்பிக்கும் கல்லூரிகள் தமிழ்நாட்டில் அநேகம் உண்டு. ஆனால் அவற்றில் பலவற்றின் நோக்கம் நோய்க்கிருமிகளையும் வைத்தியப் பரீட்சைசாலைகளையும் பெரிதும் சார்ந்திருக்கிறது. அது வேண்டியதே, எனினும் அதில் தேறியவர் புளிப்புத் தொட்டியின் அருகே நின்றால் திகைக்க நேரிடுகிறது. கண்ணாடிக் குடுவையில் 100 மில்லிலிட்டரில் வளரும் உயிர், ஆயிரக்கணக்கான லிட்டரில் அவ்விதமே வளர்வதில்லை. அங்கே காற்று எவ்வளவு கரைகிறது, கலக்கும் விசிறி எத்தனை சுற்றுச் சுற்றுகிறது, வெப்பம் எவ்வழியாக வெளியேறுகிறது, நுரை ஏன் பொங்குகிறது என்பன போன்ற கேள்விகள் எழுகின்றன. இவற்றுக்கு உயிரியல் மட்டும் விடை தராது. ரசாயனமும் கணிதமும் யந்திர நூலும் சேர்ந்தே தரவேண்டும்.

ஆகவே, இப்படிப்பைத் தேர்ந்தெடுக்கும் குடும்பத்தார் கல்லூரியின் பெயரையும் கட்டடத்தையும் பார்ப்பதோடு நில்லாமல் நான்கு விஷயங்களை விசாரித்தறிய வேண்டும். முதலாவது, மாணவர் தம் கையாலேயே மண்ணிலிருந்தும் மோரிலிருந்தும் நுண்ணுயிரைப் பிரித்துச் சுத்த வம்சமாக வளர்க்கக் கற்கின்றனரா? இரண்டாவது, கல்லூரியில் ஓடும் நிலையிலுள்ள சிறு புளிப்புத் தொட்டியாவது உண்டா? மூன்றாவது, சர்க்கரை, அமிலம், எரிசாராயம் ஆகியவற்றை அளந்து வரவு செலவு கணக்குப் போலப் பொருட்கணக்கு எழுதப் பயிற்சி உண்டா? நான்காவது, ஏதேனும் ஓர் ஆலையிலோ உயிர் உரச் சாலையிலோ சில மாதங்களாவது மாணவர் வேலை பழகுகின்றனரா? இந்நான்கும் இல்லாத இடத்தில் பெறும் பட்டம் சுவரில் மாட்டத்தான் உதவும்.

தகுந்த இடங்கள் இல்லாமலில்லை. கோயம்புத்தூரிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் வேளாண் நுண்ணுயிரியலுக்குத் தனித்துறை இருக்கிறது. 1936-ல் ஏற்பட்ட கான்பூர் தேசியச் சர்க்கரை நிறுவனம், தொழிற்புளிப்பிலும் எரிசாராயத் தயாரிப்பிலும் பட்டமேற்படிப்பு நடத்துகிறது. மைசூரில் 1950-ல் தொடங்கிய மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனமும், தஞ்சாவூரில் நெல் பதன ஆராய்ச்சி நிலையமாக இருந்து தேசிய நிறுவனமாக வளர்ந்த உணவுத் தொழில்நுட்பக் கல்விசாலையும் உள்ளன. சுத்த ஈஸ்ட் முதலிய வகைகளைச் சேமித்து வழங்கும் பண்டசாலைகள் புனாவிலும் சண்டிகரிலும் இருக்கின்றன.

வயலுக்கும் கிராமத்துக்கும் நேரான பயன்

ஆலை இல்லாத கிராமத்தாருக்கு இதனால் என்ன பயன் என்று சிலர் வினவலாம். உயிர் உரங்களை எடுத்துக்கொள்ளலாம். பயறு வகைகளுக்கு இடும் ரைசோபியம், நெல்லுக்கு இடும் அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா ஆகியவை புளிப்புத் தொட்டியில் வளர்க்கப்பட்டுப் பொட்டலமாகவும் திரவமாகவும் வருகின்றன. பொட்டலத்தில் உயிர் இருந்தால்தான் அது உரம். உயிர் மாய்ந்தால் அது வெறும் கரித்தூள். சட்டப்படி ஒரு கிராம் தூளில் ஐந்து கோடி உயிரணுக்களும், ஒரு மில்லிலிட்டர் திரவத்தில் பத்துக் கோடி உயிரணுக்களும் குறையாமல் இருக்கவேண்டும். வெயிலில் கிடந்த பொட்டலத்தில் இவ்வெண்ணிக்கை வெகுவாகக் குறைந்துபோகும். விலை கொடுத்து வாங்கும் குடியானவருக்கு இதைக் கண்ணால் பார்த்து அறிய வழியில்லை. ஒரு வட்டாரத்துக்கு ஒருவர் இச்சாஸ்திரம் கற்றவராயிருந்து, சிறிய பரீட்சைசாலை ஒன்றில் எண்ணிப் பார்த்துச் சொல்வாரானால், எத்தனையோ குடும்பங்களின் பணமும் ஒரு போகத்தின் மகசூலும் காப்பாற்றப்படும்.

கிராம அதிகாரிகள் கவனிக்கவேண்டிய விஷயம் வேறொன்று. கழிவுப்பாகிலிருந்து ஒரு லிட்டர் எரிசாராயம் வடிக்கும்போது எட்டு முதல் பதினைந்து லிட்டர் வரை கருங்கழிவுநீர் மிஞ்சுகிறது. அது தண்ணீரிலுள்ள பிராணவாயுவை உறிஞ்சும் அளவு லிட்டருக்கு 40,000 மில்லிகிராமுக்கும் மேற்படலாம். நிலத்தில் விடத்தக்க கழிவுநீருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவோ 100 மில்லிகிராம்தான். சுத்தி செய்யாமல் இதை ஓடையில் விட்டால் மீன் சாகும். தரையில் தேக்கினால் கிணற்று நீர் நிறம் மாறும். அதே கழிவுநீரைக் காற்றுப் புகாத தொட்டியில் வேறு நுண்ணுயிர்களிடம் ஒப்படைத்தால் எரிவாயு கிடைக்கும். அதிலுள்ள சாம்பல்சத்தை முறைப்படி மீட்டால் வயலுக்கு உரமாகும். கிணறு கெட்டதென்று ஊரார் முறையிடும்போது, எந்த இடத்தில் எப்படி மாதிரி எடுப்பது, பரீட்சை அறிக்கையிலுள்ள எண்களுக்கு என்ன பொருள் என்று விளக்க அவ்வூரிலேயே ஒருவர் இருப்பது எவ்வளவு பலம்! அவ்வறிவு ஆலைத்தரப்பில் மட்டும் இருந்து ஊர்த்தரப்பில் இல்லாவிட்டால் வழக்கு சமமாக நடப்பதில்லை.

சொல்லப்படும் ஆட்சேபங்கள்

புளிப்பு என்றதும் கள்ளும் சாராயமும் நினைவுக்கு வந்து முகம் சுளிப்போர் உண்டு. 1937-ல் சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்ட நாடு இது. அவர்கள் எண்ணம் மதிக்கத்தக்கதே. ஆனால் இச்சாஸ்திரத்தின் பயன் குடிவகையோடு அடங்கிவிடவில்லை. மருந்து, அமிலம், என்ஸைம், உயிர் உரம், பயிர்நோய் தடுக்கும் பூஞ்சணம், தீவனம், எரிபொருள் ஆகிய யாவும் அதன் விளைவுகள். கத்தி கெட்டவன் கையிலும் இருக்கிறதென்று கதிர் அறுக்காமல் விடுவார் இல்லை.

படித்தவர்க்கு வேலை கிடைக்கவில்லை. கிடைத்தாலும் சம்பளம் சொற்பம் என்பது இரண்டாவது ஆட்சேபம். இதில் உண்மை இல்லாமலில்லை. கைப்பழக்கமின்றிப் பட்டம் மட்டும் பெற்றவர் பலர் அவ்வாறு வருந்துகின்றனர். மேலே கூறிய நான்கு விஷயங்களை வற்புறுத்துவது அதனாலேயே. மேலும், நிலமுள்ள வீட்டுப் பிள்ளை பிறரிடம் சம்பளத்துக்கு மட்டும் இதைக் கற்கவேண்டுமென்பதில்லை. பத்து இருபது குடும்பங்கள் கூடி அமைக்கும் உற்பத்தியாளர் சங்கத்தில் உயிர் உரச் சாலையோ, பால்பண்டச் சாலையோ, ஊறுகாய்ப் புல் தயாரிப்போ நடத்தும் ஆற்றலை அது கொடுக்கும்.

இவ்வளவு பெரிய காரியம் குடியானவரால் ஆகுமா என்பது மூன்றாவது. மகாராஷ்டிரத்தில் ஆயிற்று. அங்கே கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளின் அங்கத்தினரான கரும்பு விவசாயிகள் 1975-ல் புனாவுக்கருகே மாஞ்சரியில் தக்காணச் சர்க்கரை நிறுவனத்தைத் தாங்களே ஸ்தாபித்தனர். இப்போது வசந்ததாதா சர்க்கரை நிறுவனம் என்று பெயர் வழங்கும் அதில், கரும்புப் பயிர் ஆராய்ச்சியும் எரிசாராயப் புளிப்பு ஆராய்ச்சியும் அருகருகே நடைபெறுகின்றன. கரும்பு பயிரிட்டவரே ஆராய்ச்சிசாலைக்கும் எஜமானராயினர்.

செய்யவேண்டியவை

தமிழ்நாட்டில் இதற்குத் தொடக்கமாக மூன்று காரியங்கள் செய்யலாம். கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளும், சேலத்தில் 1981 முதல் ஜவ்வரிசி உற்பத்தியாளருக்காக நடைபெறும் கூட்டுறவுச் சங்கமும், தம் அங்கத்தினர் வீட்டுப் பிள்ளைகளில் ஆண்டுக்குச் சிலருக்காவது, பெண்பிள்ளைகளையும் சேர்த்து, உபகாரச் சம்பளம் அளித்து இப்படிப்புக்கு அனுப்பலாம். கல்லூரிகள் ஒரு பருவத்தை முழுவதும் ஆலையில் கழிக்கும்படி பாடத்திட்டத்தை மாற்றலாம். அரவை நடக்கும் மாதங்களில் மாணவர் அங்கிருப்பது உத்தமம். கிராம அதிகாரிகள், தம் எல்லையில் இக்கல்வி கற்றவர் யார் யார் என்று அறிந்துவைத்து, உரப் பரீட்சைக்கும் நீர்ப் பரீட்சைக்கும் அவர்கள் உதவியை நாடலாம்.

பாகும் திப்பியும் ஊறல்நீரும் கழிவென்று பெயர் பெற்றிருப்பது, அவற்றின் குணத்தை அறிந்தவர் ஊரில் இல்லாத வரையில்தான். விதையைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் சிரத்தையைப் பிள்ளைகளின் படிப்பைத் தேர்ந்தெடுப்பதிலும் காட்டி, வருகிற கல்வியாண்டில் கல்லூரி வாயிலுக்குச் செல்லுமுன் குடியானவர் ஒவ்வொருவரும் இவ்விஷயத்தை வீட்டாருடன் கலந்து யோசிப்பது நலம்.